கோர்த்த கை

போன பொங்கலுக்கு மறுநாள் இரவு ஒன்றரை மணி இருக்கும். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பொட்டலில் கபடிப் போட்டியின் காலிறுதி நடந்துகொண்டிருந்தது. எங்கள் அணிக்கு வலது கார்னரில் நின்றவன் மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன், பண்டிகைக்கு விடுதியிலிருந்து வந்தவன். எதிரணியிலிருந்து பாடி வந்தவன் போனஸ் புள்ளிக்கு ஆசைப்பட்டுக் காலை அரைச் சாண் கூடுதலாக நீட்டினான். பையன் முழங்காலில் இறங்கி, கணுக்காலை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். தலை காலுக்கு வெளிப்பக்கம், கன்னம் கெண்டைச்சதையோடு ஒட்டியபடி. அப்படி ஒரு சுத்தமான பிடியை நான் நேரில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

ஆனால் அடுத்து வரவேண்டியவன் வரவில்லை. பக்கத்தில் நின்றவன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து முந்தின நாள்தான் ஊருக்கு வந்தவன். கவரில் நின்றவன் பக்கத்து ஊரிலிருந்து போன் போட்டு அழைத்துவந்த ஆள். நீ போவாயா, நான் போகவா என்பதுபோல இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் பாடி வந்தவன் பிடிபட்ட காலோடு நொண்டி, பையனையும் சேர்த்து இழுத்து, குப்புற விழுந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான்.

ஆட்டம் இரண்டு புள்ளியில் போனது. அதற்கப்புறம் விடிகிற வரைக்கும் கயிற்றுக்கு வெளியே ஓடியது இந்த ஒரு பிடியைப் பற்றிய பேச்சுதான்.

“பய விடாமப் புடிச்சான்ல, அவனக் குத்தஞ் சொல்லாதீக” என்றார் ஒரு பெரியவர்.

“யாரு அவனச் சொன்னா? கவர் லேட்டுண்ணே. கார்னர் எறங்குன அடுத்த நொடி கவர் மேல விழுந்துருக்கணும். இவய்ங்க வேடிக்கை பாத்துட்டு நிக்கிறாய்ங்க” என்றான் மொபைலில் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்த ஒருவன்.

என் சித்தப்பா எழுபதைத் தொட்டவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு அதே வலது மூலையில் நின்றவர். அதுவரை பேசாமல் இருந்தவர் சொன்னார்: “லேட்டு கீட்டுல்லாம் அப்பறம். ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து அவன் கைய ஒருத்தனும் புடிக்கலையேடா.”

இந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே பொட்டலில் பிடிக்கிறவனைப் பற்றி யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அன்றைக்கு எல்லாக் கண்ணும் பாடிப் போகிறவன் மேல்தான். சுற்றுவட்டாரத்தில் ஓர் அணி வருகிறது என்றால் “யாரு பாடுறா?” என்றுதான் கேட்பார்கள். “யாரு புடிக்கிறா?” என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நாலாமவன் தலைக்கு மேலே தாவிக் கோட்டைத் தொட்டவனுக்குச் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டார்கள். பிடித்தவனுக்குக் கிடைத்தது கைத்தட்டலும் முழங்கையில் வழிந்த ரத்தமும்தான். சினிமாவும் இதே கண்ணோடுதான் பார்த்தது. 2004-இல் வந்த ‘கில்லி’யில் கபடி ஆட மதுரைக்கு வருகிற வேலுவுக்குத் தியேட்டர் அதிர்ந்தது. அவன் அணியில் மூலையில் நின்றவர் யார் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஆனால் சித்தப்பா காலத்து அணி ஜெயித்தது பிடியால்தான். அதை இப்போதுதான் சொல்ல முடிகிறது. அந்த ஏழு பேருக்கும் பயிற்சியாளர் கிடையாது, விசில் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி பூமி. மழை பெய்து முடிந்தால் வெள்ளாமை, மற்ற நாளில் கிடைத்த வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்த ஏழு பேரும் பொட்டலில் இருப்பார்கள். பத்து வயதிலிருந்து அதே ஏழு பேர். யார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பான், யாருக்கு எந்தத் தோள் வலிக்கும், யார் அவசரக்காரன் என்பது உடம்புக்குத் தெரியும். மூலையில் நிற்பவனும் பக்கத்தில் நிற்பவனும் கை கோர்த்தே நகர்வார்கள். ஒருவன் காலுக்கு இறங்குகிறான் என்பது, கையில் ஓர் இழுப்பு வருமே, அதிலேயே அடுத்தவனுக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

மண்ணும் ஒரு வாத்தியார். கண்மாய் வண்டலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட களம். வெறுங்கால். பாடி வந்தவன் திரும்ப வேண்டுமென்றால் ஓர் அடி சறுக்கித்தான் திரும்புவான். அந்தச் சறுக்கலுக்காகத்தான் பிடிக்கிறவன் காத்திருப்பான். இன்னொன்று, அன்றைக்கு முப்பது விநாடிக் கணக்கு எங்கள் பொட்டலில் இல்லை. மூச்சுதான் கணக்கு. மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று எவ்வளவு நேரம் பாடுகிறானோ அவ்வளவு நேரம் அவன் ஆட்டம். பிடித்தவனின் வேலை தூக்கி எறிவது இல்லை. மூச்சு அறுகிற வரைக்கும் விடாமல் கிடப்பது. பிடி என்ற சொல்லுக்கே அதுதான் பொருளாக இருந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறானா, நகம் வளர்த்திருக்கிறானா என்று நடுவர் கையைத் திருப்பிப் பார்த்துதான் உள்ளே விடுவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஏழு பேரும் ஒரே தெருக்காரர்கள். அடுத்த தெருவுக்கு வேறு ஏழு பேர், வேறு பொட்டல். இந்தத் தெருப் பையன் கையை அந்தத் தெருப் பையன் கோர்த்து நின்றதை என் சின்ன வயதில் நான் பார்த்ததில்லை. போட்டியில் இரண்டும் மோதினால் ஆட்டம் ஆட்டத்தோடு நிற்காது. இன்றைக்கும் சில ஊர்களில் போட்டி நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருக்கிறது. சாதி அடையாளம் போட்ட பனியன் கூடாது என்று நிபந்தனையோடு உத்தரவு வருகிறது. 2025-இல் வந்த ‘பைசன்’ படம் இந்தக் காயத்தைத்தான் தொட்டது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி எடுத்தது அது. அதனால் பழைய ஏழு பேரைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பெருமையும் வரும், தொண்டையில் ஏதோ அடைக்கவும் செய்யும்.

அந்த ஏழு பேர் எப்போது கலைந்தார்கள் என்று ஒரு தேதி சொல்ல முடியாது. ஒருவன் திருப்பூர், ஒருவன் கோயம்புத்தூர், ஒருவன் துபாய், இரண்டு பேர் சென்னையில் கட்டட வேலை. அடுத்த தலைமுறையில் ஊரில் தங்கினவனே குறைவு. இப்போது ஊர் அணி என்பது பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் கூடுகிறது. பாடுகிறவனுக்கு இது பெரிய நஷ்டமில்லை. பாடுவது தனியாள் வித்தை. கால் வேகம், தாவல், கண்மயக்கு எல்லாவற்றையும் ஒருவன் தனியாகவே வளர்த்துக்கொள்ளலாம். திருப்பூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தாலும் அவன் காலில் அது இருக்கும். பிடி அப்படியில்லை. அது ஏழு பேருக்கு நடுவில்தான் இருக்கிறது. ஏழு பேர் கலைந்தால் அதுவும் கலைந்துபோகும். போன பொங்கலுக்கு நாங்கள் தோற்றது அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஊரில் பிடி தளர்ந்த அதே காலத்தில்தான் பிடியைப் பார்க்க ஊர் கற்றுக்கொண்டது. 2014 ஜூலையில் புரோ கபடி தொடங்கியது. முதல் வருஷமே ஜெய்ப்பூர் அணி கோப்பை வாங்கியது. அதன் பயிற்சியாளர் தமிழ்நாட்டுக்காரரான காசிநாதன் பாஸ்கரன். டீக்கடை டிவியில் எங்கள் ஆட்கள் முதலில் பார்த்தது வழக்கம்போலப் பாடிப் போகிற ரைடர்களைத்தான். ஆனால் டிவி ஒரு காரியம் செய்தது. ஒவ்வொரு பிடியையும் மெதுவாக, மூன்று பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்பக் காட்டியது. பொட்டலில் மூன்று விநாடியில் புழுதிக்குள் முடிந்துபோகிற காரியம் அங்கே விரித்துவைத்த மாதிரி தெரிந்தது. முதலில் யார் இறங்கினான், யார் வழியை அடைத்தான், யார் கடைசியில் கட்டினான் என்று டீ ஆற்றுகிறவருக்கும் புரிந்தது. இடைவேளை எடுக்கும்போது பயிற்சியாளர் பேசுவதும் கேட்டது. அவர்கள் பேசியதில் பெரும்பாதி பிடியைப் பற்றித்தான்.

அப்புறம் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்து மனிதர், மூலையில் நின்று கணுக்காலுக்கு இறங்குகிறவர். 2016-இல் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பையை வாங்கினார். அதே வருஷம் அகமதாபாதில் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். சித்தப்பா டீக்கடைக்குப் போய்க் கபடி பார்க்க ஆரம்பித்தது அவருக்காகத்தான். “நம்ம எடத்துல நிக்கிறான்டா” என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிடிக்கிறவன் தலைவனாக இருக்கலாம் என்பது ஐம்பது வருஷமாக ஆட்டம் பார்த்தவருக்கே புதுச் செய்தி.

2018-இல் இரண்டு சங்கதி நடந்தது. ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராச்சலியை மும்பை அணி ஒரு கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அவர் இடது கார்னர், பிடிப்பதுதான் வேலை. அந்த ஆகஸ்ட்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990-இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து இந்திய ஆண்கள் விட்டுக்கொடுக்காத தங்கம் போனது. நம் ரைடர்கள் ஒவ்வொருவராக அந்தப் பிடியில் சிக்கியதைப் பார்த்து டீக்கடையில் அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை. ஈரானியர்கள் மல்யுத்த மரபிலிருந்து வந்தவர்கள், இடுப்பும் தொடையும் அவர்களுக்குப் பழகினவை என்று பலரும் காரணம் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கலாம். நான் கவனித்தது வேறு: கார்னர் இறங்கியபோது ஒரு தடவைகூட அவன் தனியாக இல்லை.

தமிழ் தலைவாஸ் அணியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 2017-இல் வந்த அணி. 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று பெரிய பெயர்களையெல்லாம் வைத்துக்கொண்டு கடைசி இடத்தில் முடிந்தது. 2022-இல் இரண்டு கோடிக்கு மேல் கொடுத்து எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். ஊரில் எல்லோரும் கணக்கை மூடிவிட்டார்கள். அந்த வருஷம்தான் அணி முதல்முறையாக அரையிறுதி வரை போனது. நடுவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் அஷன் குமார், சாகர், சாஹில் குலியா போன்ற இளம் பிடிகாரர்களைச் சுற்றித்தான் ஆட்டத்தைக் கட்டினார். நரேந்தர் பாடினார் என்பது உண்மை. ஆனால் இரண்டு மூலையும் உறுதியாக இருந்ததால்தான் அவர் பயமில்லாமல் பாட முடிந்தது என்று நான் டீக்கடையில் சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போடத் தயார்.

அந்த அணியில் நம் பையன்கள் குறைவு என்ற ஆதங்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் காரணத்தைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டும். ஒரு தேர்வு முகாமில் இருநூறு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். பாடுகிறவனுக்கு மூன்று தடவை உள்ளே போனால் போதும், அவன் யாரென்று தெரிந்துவிடும். பிடிக்கிறவனை முன்பின் தெரியாத ஆறு பேரோடு நிறுத்தினால் அவன் திறமை எப்படித் தெரியும்? கணுக்காலைச் சரியாகப் பிடித்தாலும் பக்கத்தில் இருக்கிறவன் அசையாமல் நின்றால் அது தோற்ற பிடியாகத்தான் கணக்கில் ஏறும். எங்கள் ஊர்க் காலிறுதியில் நடந்தது மாதிரியேதான். கிராமத்துப் பிடிகாரர்கள் பலர் கண்ணில் படாமலேயே போவது இப்படித்தான்.

அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே இடம் கல்லூரி. மூன்று வருஷம் அதே ஏழெட்டுப் பேர், ஒரே விடுதி, ஒரே மைதானம். பழைய ஊர்ப் பொட்டல் கொடுத்ததை இன்றைக்குக் கொடுக்கிறது அதுதான். மதுரையில் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியிலிருந்து, வைகைக்கரையில் திருவேடகத்தில் இருக்கும் விவேகானந்தா கல்லூரி வரை, நகரத்தைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம் என்றால் ஊரிலிருந்து பைக்கில் போய்ப் பார்க்கிறவர்கள் இப்போது உண்டு. எந்தக் கல்லூரியின் இடது மூலை இந்த வருஷம் நல்லா இருக்கிறது, எந்த அணியின் கவர் முந்திக்கொண்டு இறங்கி மாட்டுகிறது, புதுசாக வந்த பயிற்சியாளர் கை கோர்க்கும் சங்கிலியை ஏன் மாற்றினார் என்றெல்லாம் பேசுகிறார்கள். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்து அகில இந்திய அளவில் வென்றால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் அணிகளும் ஆள் தேடுகின்றன. வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பையனுக்கு இந்த ஆட்டம் வெறும் ஆட்டமில்லை.

நான் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு கல்லூரிப் பயிற்சியைப் பார்க்கப் போனேன். நீலமும் மஞ்சளுமாக மேட் விரித்திருந்தார்கள். உடற்கல்வி இயக்குநர் முதல் இருபது நிமிடம் யாரையும் பிடிக்கவே விடவில்லை. மூலையில் இருக்கிறவனுக்கும் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் நடுவில் ஒரு துண்டின் இரண்டு முனையைக் கொடுத்து, பாடுகிறவன் போகும் பக்கமெல்லாம் துண்டு தளராமல் நகரச் சொன்னார். முன்னால், பின்னால், உள்ளே, வெளியே. துண்டு தொய்ந்தால் விசில். இழுபட்டாலும் விசில். அடுத்தது பாதி வேகத்தில் பிடி. கார்னர் காலுக்கு இறங்க, பக்கத்தில் இருக்கிறவன் நடுக்கோட்டுப் பக்கம் வழியை அடைக்க, கவர் இடுப்புக்கு வருகிறான். தலை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் பத்து தடவை சொன்னார். அது உயிர் விஷயம். 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஓர் இளைஞன் ஆட்டக்களத்திலேயே இறந்துபோனதை அவர் பையன்களுக்கு நினைவூட்டினார். எங்கள் காலத்தில் ஒருவன் பிடித்தால் ஏழு பேரும் மேலே விழுவோம். யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை. இதை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

மேட் மேல் ஷூ போட்டு ஆடுகிறவன் சறுக்குவதில்லை. நினைத்த இடத்தில் நின்று நினைத்த பக்கம் திரும்புகிறான். அவன் சறுக்கலுக்குக் காத்திருந்த பழைய பிடி அங்கே செல்லாது. அவன் மூச்சு அறுகிற வரைக்கும் கிடக்கவும் நேரமில்லை, முப்பது விநாடியில் எல்லாம் முடிகிறது. மூன்று பேரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி என்று வந்ததிலிருந்து, தோற்கிற அணியும் பிடியால் திரும்பி வரலாம். கோழை என்று அன்றைக்கு ஏசப்பட்ட பொறுமை, இன்றைக்குப் புத்தி என்று பெயர் வாங்கியிருக்கிறது.

பெண்கள் ஆட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒரு வார்த்தை. 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா தங்கம் வாங்கி வந்த பிறகு, எங்கள் ஊர்ப் பொட்டலில் மாலையில் பாவாடைக்கு மேல் பனியன் போட்டுக்கொண்டு நாலு பிள்ளைகள் நிற்கிறார்கள். ஏழு பேர் சேரவில்லை இன்னும்.

அந்தப் பயிற்சியில் இன்னொன்றும் பார்த்தேன். துண்டின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் மேலூர்ப் பக்கம், மறுமுனை வாடிப்பட்டிப் பக்கம். மற்ற மூலையில் எங்கள் ஊர்ப் பையன், அவனுக்குப் பக்கத்தில் யாரென்று விசாரித்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், தெருவைச் சொல்லவில்லை. அங்கே அதை யாரும் கேட்பதாகவும் தெரியவில்லை.

பொங்கல் போட்டியில் தோற்ற மறுநாள் காலை அந்தப் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உசிலம்பட்டி ரோட்டில் மதுரை பஸ்ஸுக்கு நின்றான். சித்தப்பா கைத்தடியோடு போய் அவனைப் பொட்டலுக்குத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. அவன் வலது மூலையில் நின்றான், சித்தப்பா தடியைக் கீழே போட்டுவிட்டு அவனுக்குப் பக்கத்தில்.

“விரலுக்குள்ள விரல விடாத, ஒடஞ்சுபோகும். கொக்கி மாதிரி மடக்கு. ம்... இப்பிடி. கோட்டத் தாண்டி அவன் உள்ள வந்ததுல இருந்து வெளிய போறவரைக்கும் இத விடக்கூடாது.”

“இல்ல தாத்தா, சார் அப்பிடிச் சொல்லித்தரல. மேட்ல அவய்ங்க வேகத்துக்கு எப்பவும் புடிச்சுக்கிட்டே இருந்தா நம்மளே மாட்டிக்கிருவோம். அவன் போனஸுக்கு வரும்போது விட்டுறணும்.”

“விட்டுட்டா நீ எறங்குறது அவனுக்கு எப்பிடிடா தெரியும்?”

“கண்ணால பாப்பான் தாத்தா.”

“நேத்து பாத்தானே!”

பையன் கொஞ்சம் யோசித்தான். “சரி, நீங்க எறங்குங்க, நான் பாக்குறேன்” என்றான். எழுபது வயது முழங்கால் இறங்காது என்று நான் தடுக்கப் போனேன். சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. கை கோர்த்தபடி இருவரும் ஓர் அடி முன்னால் வைத்தார்கள், ஓர் அடி பின்னால் வைத்தார்கள். ரோட்டில் பஸ் நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப் போனது.